காலி எடை

அறுபது டன் தாங்கும் மேடை எங்களுடையது.
பத்துக் கிலோவுக்குக் குறைந்தால் அதற்குக் கண் தெரியாது.
லாரி வராத ராத்திரியில் நான் ஏறி நிற்பேன்.
சித்திரையில் அறுபது என்று சிவப்பில் காட்டியது.
ஆடியில் ஐம்பது.
ஐப்பசி மழையில் குடையோடு நின்றேன்,
நாற்பது.

மிஷின் கெட்டுவிட்டது என்று
முதலாளிக்கு எழுதிப் போட்டேன்.

"இன்னா சவுந்தரி, டயட்டா? எங்களுக்கும் சொல்லேன்"
தேரடி பஸ் ஸ்டாப்பில் மெர்சி கேட்டாள்.
வேலைக்கு வரும் வழியில் ஒரு தட்டு அத்தோ,
வந்து இரண்டு பரோட்டா,
விடிந்ததும் வீட்டில் நான்கு தோசை தின்று
ஐந்தாவதற்குக் கரண்டியோடு நின்றவள்
என்னத்தைச் சொல்ல?
சிரித்து வைத்தேன்.

மார்கழியில் தெருவே போர்வைக்குள்.
நான் வெறும் சிமெண்டுத் தரையில் முதுகை ஒட்டிக் கிடந்தேன்.
அவர் ஃபேனைக் குறைப்பார், நான் கூட்டுவேன்.
ரெகுலேட்டர் முதலில் உடைந்தது,
பிறகு எங்கள் பேச்சு.
அம்மா கத்தும் ஒவ்வொரு முறைக்கும்
கதவுக்குப் பின்னால் சாக்பீஸ் கோடு போட்டுவைத்தான் பையன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினேழு.

நாற்காலியில் சும்மாதான் இருப்பேன்.
நெஞ்சுக்குள் யாரோ
கொருக்குப்பேட்டை கேட் மூடுவதற்குள் ஓடுவார்கள்.
சீட்டில் எழுதிய ஏழெல்லாம் ஒன்றாகித் தெரிய
பாதி ராத்திரியில் ஒரு டிரைவர் சண்டைக்கு வந்தான்:
"ஏன் முறைக்கிற?"
முறைக்கவில்லை அய்யா,
இமை மூட மாட்டேன் என்கிறது.

ஸ்டான்லியில் டாக்டரம்மா கையை நீட்டச் சொன்னார்.
விரல்மேல் வைக்க ஒரு காகிதம் தேடினார்.
என் பையில் இருந்தது எடைச்சீட்டு.
ஃபேன் ஓடாத அறையில் அது படபடத்தது.
"தைராய்டு. ரொம்ப சுரக்குது."
கழுத்துப் படத்தில் பட்டாம்பூச்சி ஒன்றைக் காட்டினார்.
எனக்கு அது பிடிபடவில்லை.
டிரெய்லர் ஓட்டும் எபநேசர்தான் புரியவைத்தார்:
"ஆக்சிலேட்டர் மாட்டிக்கிச்சு தங்கச்சி.
பிரேக்கை மட்டும் மிதிச்சா லைனிங்தான் தேயும்."
படபடப்புக்கு ஒரு மாத்திரை,
பெடலை எடுத்துவிட இன்னொன்று.
அது மெதுவாகத்தான் வேலை செய்யும், வாரக்கணக்கில்.

இரண்டாவது மாத்திரையோடு ஓர் எச்சரிக்கை வந்தது.
காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால்
மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வரவேண்டும்,
ரத்தம் பார்க்கவேண்டும்.
கம்ப்யூட்டரின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
ஆனால் மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
எர்ணாவூர் முழுக்கத் தொண்டை எரியும்.
எது நோய், எது கம்பெனி?
மூன்று முறை பஸ் பிடித்து ஓடினேன்.
மூன்று முறையும் மணலிதான்.
"பரவாயில்ல, நாலாவது தடவையும் வாங்க" என்றார்
டாக்டரம்மா, ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊசிக்குத்து.
மாத்திரை மூன்றிலிருந்து இரண்டானது,
இரண்டு ஒன்றரையானது.
அரை மாத்திரையைச் சுரண்டும் கார்டால் உடைக்கிறேன்,
தூளையும் நக்கிவிடுகிறேன்.
திரும்ப வருமா என்று கேட்டேன்.
வரலாம் என்றார்.
பொய் சொல்லாததற்காக அவரைப் பிடித்துப்போனது.

"கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்ட, பார்த்து"
என்கிறாள் இப்போது மெர்சி.
பழைய ஜாக்கெட்டின் உள்தையலை
மறுபடி பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
கதவுக்குப் பின்னால் நேற்று இரண்டு கோடு.
அதில் ஒன்று நியாயமானது,
மார்க் ஷீட்டைப் பாய்க்கடியில் வைத்திருந்தான்.

மணி மூன்றே கால். மேடையில் நிற்கிறேன்.
நாற்பதென்கிறது, ஐம்பதென்கிறது,
கொஞ்சம் நேரம் எடுத்து
ஐம்பதில் நிற்கிறது.
ஹெட்லைட் முதுகில் விழுகிறது.
"காலி வண்டியா, லோடா?" வழக்கம்போல் கேட்கிறேன்.
"லோடுதான்மா, நீ மொதல்ல எறங்கு"
என்கிறார் எபநேசர்.