அசையாத நான்கு புள்ளிகள்

பழைய வான்படத்தை
இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த
அசையாத நான்கு புள்ளிகள் வேண்டும்
என்கிறது மென்பொருள்.

வால்ஹெரன் தீவு,
நாற்பத்து நான்கு நவம்பர், வற்றம்.
கலங்கரை விளக்கின் கோபுரம்: ஒன்று.
தேவாலயத்தின் கூர்முனை,
நிழலை வைத்துக் கண்டுபிடித்தது: இரண்டு.
மணலில் பாதி புதைந்த ஜெர்மன் பதுங்கரண்: மூன்று.
அதை இடிக்கக் காசு ஒதுக்க
இன்றுவரை யாருக்கும் மனமில்லை.

நான்காவதைத் தேடியே ஒரு மதியம் போயிற்று.
மற்றதெல்லாம் தண்ணீர், தண்ணீர் கீறிய சேறு.
ஒரு கூரை. அதன்மேல் வெள்ளையாய் ஒரு கறை.
ஆளா, கடற்காகமா, படச்சுருளில் விழுந்த தூசியா,
பெரிதாக்கப் பெரிதாக்கச்
சதுரம் சதுரமாய் உடைகிறது.
போகட்டும் என்று
ஏதோ ஒரு வேலிமூலையில் நான்காவதைக் குத்திவைத்தேன்.

கீழே ஒரு நகர்த்துபட்டை.
வலப்பக்கம் இழுத்தால் உருளைக்கிழங்கு வயல்,
சைக்கிள் பாதை, கோடைக்கு வந்தவர்களின் கூடாரங்கள்.
இடப்பக்கம் இழுத்தால் கடல்.
மீட்க வந்த விமானங்கள்
அணையை உடைத்து உள்ளே விட்ட கடல்.
சிவப்பு அம்பைத் தொட்டால்
படகுகள் கரைதட்டிய நேரம் வரும்.
நீலத்தைத் தொட்டால் படைப்பிரிவின் பெயர்.
கூரைமேல் கறையைத் தொட்டால்
ஒன்றும் வராது.

செவ்வாயன்று க்ரைன் மிண்டர்ஹவுட் கூப்பிட்டார்.
உங்கள் படம் தப்பு என்றுதான் ஆரம்பித்தார்.
என் நிலத்தில் ஓடை காட்டுகிறது,
அப்பா காலத்திலேயே அங்கே ஓடை கிடையாது.
மவுஸ் சொடுக்கும் ஓசை. இழுக்கிறார்.
திரும்ப இழுக்கிறார்.
இருங்கள், என்றார்.

மழை பொய்த்த வருஷம் அந்த இடத்தில்தான்
கிழங்கு பிடிப்பதில்லை.
பாம்பு போன தடம் மாதிரி
வளைந்து வளைந்து வெளிறிப்போகும்.
மூன்று தடவை மண்ணைச் சோதித்தேன்.
உப்பு என்றார்கள்.
யார் போட்ட உப்பு என்று சொல்லவில்லை.

இட்டவர் மறந்துபோன உப்பை
உள்ளளவும் நினைத்துக்கொண்டிருக்கிறது மண்.

வேலிமூலையை அழித்தேன்.
இந்தக் கோடையில் எடுத்த படத்தில்
அவர் சொன்ன வெளிறல் இருந்தது.
அதன் இரண்டாம் வளைவில் நான்காவதைக் குத்தினேன்.
பிழை: பதினொரு மீட்டரிலிருந்து இரண்டு.

எல்லாம் கொஞ்சம் கிழக்கே நகர்ந்தது.
படகுகள், அம்புகள், அந்தக் கூரை.
கறை இப்போது
க்ரைன் வீட்டுச் சமையலறைக்கு நேர் மேலே இருக்கிறது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.