தட்டையான ஒரு பக்கம்

நான்கு நாளாய் வந்து வந்து போன வலி.
வாந்தியெடுத்தால் நின்றுவிடும்.
நின்றதும் எழுந்து
கடற்பாசி பொறுக்கப் போயிருக்கிறாள்
எதுவிகிஸ் நவெல்கின், எழுபத்தெட்டு வயது, லெமுய் தீவு.
ஐந்தாம் நாள் வாந்தியில் மலத்தின் வாடை.
மருமகன் படகை அவிழ்த்தான்.

காஸ்த்ரோவில் ஆகஸ்ட் மழை.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினேன்.
ஏணிப்படியாய் ஊதிய குடல்.
ஈரலுக்குள்,
காற்றுக்கு வேலையே இல்லாத இடத்தில்,
காற்று,
இலை கொட்டிய மரமாய்க் கிளைத்து.

ஆக, எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது.
பித்தப்பை பக்கத்துக் குடலோடு
வருஷக்கணக்கில் உரசி, சுவரைத் தின்று
வழி வைத்திருக்கிறது.
யாரிடமும் சொல்லாமல் ஒரு கல் அதில் இறங்கியது.
உருண்டது, அடைத்தது,
நழுவியது,
மறுபடி அடைத்தது.
அவள் பாசி பொறுக்கியதெல்லாம்
அது நழுவிய நேரங்களில்.

கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்பது
வாலிபத்தைப் பற்றிய பேச்சு.
இவள் தின்னவில்லை.
ஆறு பிரசவங்களுக்கு இடையில் எப்போதோ
தானே விளைவித்தாள்.

நள்ளிரவு தாண்டித் திறந்தோம்.
சிறுகுடல் முடியும் குறுகலுக்கு ஒரு சாண் முன்னால்
பாம்பு விழுங்கிய முட்டைபோல்
விரலுக்கு அகப்பட்டது.
அங்கேயே கீறக்கூடாது, நைந்த இடம்.
வந்த வழியே கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி
நல்ல குடலில் நீளவாக்கில் கீறி
பிதுக்கி எடுத்து
குறுக்குவாக்கில் தைத்தேன்.
தட்டில் 'ணங்' என்றது.

ரத்த அழுத்தம் இறங்குகிறது, மூடுங்கள் என்றார்
மயக்க மருந்து கொடுக்கும் ஒயார்சுன்.
மூடத்தான் இருந்தேன்.
கல்லைக் கழுவிக்கொண்டிருந்த நர்ஸ் இஸ்மேனியா
விளக்கடியில் திருப்பிப் பார்த்து,
"டாக்டர், இதுக்கு ஒரு பக்கம் தட்டை."

தனியாய் வளர்ந்த கல்
உருண்டையாய் இருந்திருக்கும்.
தட்டையென்றால் பக்கத்தில் யாரோ இருந்திருக்கிறார்கள்,
இருட்டில், தோளோடு தோள்,
ஒருவரையொருவர் தேய்த்துக்கொண்டு.

கை மறுபடி உள்ளே.
முழம் முழமாய்க் குடலை
விரலிடுக்கில் ஓட்டினேன்.
ஒயார்சுன் எண்களைச் சத்தமாய்ப் படித்தார்.
படிக்கட்டும்.
மேல்குடலின் ஒரு வளைவில் பதுங்கியிருந்தது,
இலந்தைப்பழ அளவு.

திறந்த கதவை அப்படியே விட்டுவிட்டேன்.
அதை அடைக்க இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும்.
அந்த உடம்பில் அவ்வளவு நேரம் இல்லை.

ஐந்தாம் நாள் காற்று பிரிந்தது.
வார்டே கேட்டது. பக்கத்துக் கட்டில்காரி கைதட்டினாள்.

கல்லைக் கேட்டாள். கொடுத்தேன்.
உள்ளங்கையில் எடை பார்த்தாள்.
"இவ்வளவு லேசா?
எங்க படகு நங்கூரமும் கல்லுதான், மரக்கூண்டுக்குள்ள.
இது கோழிக்குஞ்சைக்கூட நிறுத்தாது."

பிறகு இரண்டையும்
தட்டைக்குத் தட்டை பொருத்தினாள்.
பிரித்தாள். பொருத்தினாள்.
எது முதலில் இறங்கியது என்று கேட்டாள்.
பெரியதாகத்தான் இருக்கும் என்றேன்.

"சின்னது தள்ளியிருக்கும்" என்றாள்,
ஆறு பெற்றவள்.