ஐஸ் கம்பெனியில் எட்டு வாரம்

பெர்க்மான்ஸ் தேதி எழுதுவதில்லை.
'இது மூன்றாவது' என்கிறான்,
'இன்றிலிருந்து சாய்ந்த முதலாவது' என்கிறான்.
கிரேக்கக் கம்பெனிக் கப்பல். சமையல்காரன் ஸ்பிரோஸ்
ஞாயிறுதோறும் வெங்காயம் உரித்தபடி பாடுவதைப்
போனில் பிடித்து அனுப்புகிறான்.
எட்டு வாரத்துக்கு எட்டு ராகம்,
பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

ராகம் என்று சொன்னது நான்.
அவர்கள் ஒலி என்கிறார்களாம்.
வெறும் ஒலி.

பாம்பன் தெற்குவாடியில் ஐஸ் கம்பெனி, நான் கணக்கு.
எத்தனை பார், எந்தப் படகு, யார் பாக்கி.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டுக் கோடு போட்டு
ஒவ்வொன்றுக்கும் ஒரு காற்றின் பெயர் எழுதினேன்:
வாடை, கொண்டல், சோழகம், கச்சான்,
இடைப்பட்டவை நான்கு.
அழகாகத்தான் இருந்தது.
கச்சான் என்று எழுதியிருந்த நான்காவது
அடுத்த சுற்றில் கொண்டலாக வீசியது.
பக்கத்தைக் கிழித்து மீன் மடித்தேன்.

கோயில் ஆர்மோனியத்தில் தேடினேன்.
சாய்ந்த இரண்டாவது கிடைத்தது,
மாயாமாளவகௌளையின் கீழ்ப்பாதி அப்படியே.
வெறும் இரண்டாவதோ
இரண்டு கட்டைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு
பல்லிடுக்கில் மாட்டிய நண்டு ஓடு மாதிரி
வருவேனா என்றது.

ஸ்பிரோஸின் புத்தகத்தில் ஒரு பக்கம் படமாக வந்தது.
எறும்பும் கொக்கியும்.
இது ச, இது ரி என்றெல்லாம் இல்லை.
ஒரு படி ஏறு. அங்கேயே நில். இரண்டு இறங்கு.
எங்கே இருக்கிறாய் என்று சொல்லாது,
இருந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும்.
ஒரு படி பிசகினால் மீதிப் பாட்டு முழுக்க வேறு கரையில்.

அப்படித்தான் இன்னாசியின் விசைப்படகு
தலைமன்னார் வெளிச்சத்தை நம்ம வெளிச்சம் என்று நம்பியது.
பதினோரு நாள், வவுனியா சிறை.

அதற்குத்தான் வரிக்கு வரி
குட்டியாக ஒரு குறி போடுகிறார்கள்.
அதன் பெயர் சாட்சி.
இங்கே வந்து சேர்ந்திருந்தால் நீ சரி.

கீழே ஒருவர் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டுமாம்.
கப்பலில் அதற்கு இன்ஜின்,
இங்கே கம்ப்ரசர்.

ஏழாவதுக்கு மட்டும் சாய்வு என்று பெயரில்லை. கனம்.
ஏன் என்று கேட்டேன்.
ஸ்பிரோஸுக்கும் தெரியாதாம்.

அந்தக் கன வாரத்தில்தான் எழுதினான்:
ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள், இன்னும் இரண்டு சுற்று.
அன்று மதியம் கரண்ட் போனது.
கம்ப்ரசர் நின்றது. நாகூர்கனி அண்ணன் ஜெனரேட்டருக்கு ஓடினார்.
இறால் கூடையோடு நின்ற சலேத்மேரி கேட்டாள்,
"என்னக்கா முனகுறீங்க, பல்லுவலியா?"

அப்போதுதான் எனக்கே கேட்டது,
என் தொண்டையில் அந்த ஒரே சுரம்.
மேலே பாட்டு எதுவுமில்லை.

கம்ப்ரசர் திரும்ப வந்தபோது
ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது.
அல்லது நான் ஏறியிருந்தேன்.
பேரேட்டில் எழுதினேன்:
செபஸ்தி படகு, பார் நாற்பது, பாக்கி.
ஓரத்தில் சின்னதாய் ஒரு சாட்சி.