ஆறு நிமிட நடை

முப்பது மீட்டர் நடைபாதை.
இரு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு.
ஓடக் கூடாது, பேசக் கூடாது,
மூச்சு முட்டினால் சுவரில் சாயலாம்,
கடிகாரம் மட்டும் நிற்காது என்று
நூற்றுப் பதினேழாவது ஆளிடம் சொல்கிறேன்.
தவுனோ பெசொனென் தலையசைக்கிறார்.

குவோபியோவில் பிப்ரவரி.
ஏரி கல்லாக உறைந்து கிடக்கிறது.
அதன்மேல் கார் போகும் பாதையைப் பார்த்துக்கொள்வது
முப்பது ஆண்டாக அவர் வேலை.
துளையிட்டு, கோல் இறக்கி, பனியின் கனம் அளந்து
கரைப் பலகையில் எழுதுவார்:
இன்று தாங்கும். இன்று தாங்காது.
எக்கோ திரையில் தன் இதயச் சுவரைப் பார்த்தபோது
"எத்தனை சென்டிமீட்டர்?" என்றார்.
மில்லிமீட்டர், என்றேன்.
"அப்படியானால் பாதையை மூடிவிடுங்கள்."
யாரும் சிரிக்கவில்லை.
அவரே சிரித்தார், பிறகு வெகுநேரம் இருமினார்.

இருபத்திரண்டு சதவீதம்.
ஒரு துடிப்புக்கு இடது அறை வெளியே தள்ளுவது அவ்வளவுதான்.
மீதி தேங்கும்,
மாலையில் கணுக்காலில்
காலுறை பதிந்த பள்ளமாகத் தெரியும்.

செல்லுக்குள் கால்சியம் அள்ளும் ஒரு புரதம் சோம்பிவிட்டது.
அதன் மரபணுவை நகலெடுத்து,
நோய் தர மறந்துபோன வைரஸ் ஒன்றின் ஓட்டில் அடைத்து,
இதயத் தமனி வழியே பத்து நிமிடம் செலுத்துவோம்.
அல்லது
உப்புத் தண்ணீர் செலுத்துவோம்.
எது என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.
எங்கள் இருவர் கண்ணையும் கட்டிவிட்டு
குப்பியின் எண் மட்டும் விழித்திருக்கும்.

அண்ணன் ஊர்ஹோவுக்கும் இதே இதயம்,
ஒரே வீட்டில் ஒரே எழுத்துப்பிழை.
ஆனால் அவர் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது.
எப்போதோ சளியோடு சளியாக
அந்த வைரஸ் வந்து போயிருக்கிறது;
உடம்பு அதன் முகத்தை மறக்கவில்லை.
நீங்கள் சேர முடியாது என்று சொன்னவள் நான்.
அவர் கோபப்படவில்லை, யோசித்தார்.
"ஒன்பது வயது இருக்கும். எனக்குக் காய்ச்சல்.
இவன் மட்டும் ஏரிக்குச் சறுக்கப் போனான்.
ஜன்னலில் நின்று திட்டினேன்."
தவுனோ ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார்,
முடிச்சு விழுந்த பிறகும்.

முதல் நடை: இருநூற்றெண்பது மீட்டர்.
ஆகஸ்டில்: முந்நூற்று அறுபத்தொன்று.
படிவம் நிரப்பும் கை நடுங்கக் கூடாது.
நடுங்கியது.
தூரத்துக் கூம்பருகே நாற்காலி போட்டு
ஊர்ஹோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
பத்து விரல் முடிந்ததும் என் விரலைக் கேட்டார்.

நவம்பரில் அந்த நாற்காலியை யாரும் கேட்கவில்லை.

மறு ஆண்டு முடிவு வந்தது, ஒன்றரைப் பக்கம்.
இரு பிரிவுக்கும் இடையே
குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.
மருந்து கெடுதல் செய்யவில்லை; வேறொன்றும் செய்யவில்லை.
அளவு போதவில்லையோ,
ஓடுகள் பாதி காலியாக இருந்தனவோ,
கூட்டங்களில் பேசிக்கொண்டார்கள்.
கட்டு அவிழ்த்தார்கள்.
தவுனோ: உப்புத் தண்ணீர்.
உப்பிட்டவளை அவர் நினைத்துக்கொள்ளலாம்,
லிட்டருக்கு ஒன்பது கிராம்.

எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன்.
அவர் காதில் வாங்கி,
"பனியில் உப்புப் போட்டால் உருகும்.
அது எனக்குத் தெரிந்த தொழில்தான்" என்றார்.
பிறகு, கதவருகே நின்று:
"அந்த எண்பத்தொரு மீட்டரை
அப்போது நடந்தது யார்?"

புத்தகத்தில் இதற்கு வார்த்தை உண்டு.
நான் அதைச் சொல்லவில்லை.

அடுத்த ஆய்வுக்குப் புதிய ஓடு, பத்து மடங்கு அளவு.
ஒப்புதல் தாளை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றார்,
கையெழுத்திடுவதாகச் சொல்லவில்லை.
போகும் முன் ஒருமுறை நடக்கலாமா என்று கேட்டார்.
படிவம் இல்லை, பேசலாம் என்றேன்.
பேசவில்லை.
கூம்புகளை எப்போதோ எடுத்தாயிற்று.
அவர் திரும்ப வேண்டிய இடத்தில்
சரியாகத் திரும்பினார்.