குறிப்பேட்டில் ஏறாதவை

செவ்வாய் மாலை ஆறரை,
தீயணைப்பு நிலையத்தின் பின்னறை.
கட்சியின் மாவட்டக் குழுவில் பதின்மூன்று பேர்,
ஏழு பேர் இருந்தால்தான் கூட்டம்.
ஆறு பேர் இருந்தோம்.
ஏழாவதாக லூப்பே பாரகான்
மாட்டுக் கொட்டகையிலிருந்து தொலைபேசியில் வந்தாள்.
பால் கறக்கும் எந்திரத்தின் மூச்சு
மேசை நடுவே இரைந்தது.
அதையும் வருகையில் சேர்க்கலாமா என்றார் தலைவர் மெர்ல்.
செயலாளர் நான். சேர்க்கவில்லை.

பொருள்: நவம்பர் வாக்குச்சீட்டின் பதினெட்டாம் முன்மொழிவு.
ஓரிகனின் இந்த ஈர மூலையில்
எங்கள் ஓடைக்கும் எங்கள் காற்றுக்கும்
இங்கே குடியிருப்பவர்களே சட்டம் எழுதிக்கொள்ளலாம் என்பது.
எழுதியது கட்சி இல்லை.
ஆர்லீன் டட்டில் வீட்டுச் சமையலறையில்
நான்கு பேர், இரண்டு குளிர்காலம்.
அதில் ஒருத்தி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
காட்டுக்கு ஹெலிகாப்டர் மருந்தடித்த காலையில்
எத்தனை துடைத்தும் கண்ணாடி வழுக்கியது,
பின்னால் முப்பத்தொரு பிள்ளைகள் என்றாள்.
பெரிய கட்சிகள் இரண்டும்
'படித்துக்கொண்டிருக்கிறோம்' என்று பதில் போட்டன.
முன்மொழிவு ஒன்பது பக்கம்.
ஏழு மாதமாகப் படிக்கிறார்கள்.

நாங்கள் சின்னக் கட்சி.
எங்கள் ஆதரவால் ஓட்டு கூடுமா குறையுமா
என்பதிலேயே அரை மணி நேரம் போனது.

டெனிஸ் சொன்னாள்:
ஜெயித்தாலும் மாநில நீதிமன்றம்
ஒரே மத்தியானத்தில் கிழித்துப் போடும்.
ஆர்லீன் தலை நிமிரவில்லை:
கிழிக்கட்டும்.
கிழிக்க முதலில் ஒரு காகிதம் வேண்டுமே.

பிறகு வினைச்சொல்லுக்கு இருபது நிமிடம்.
வரவேற்கிறோமா, ஆதரிக்கிறோமா,
துணை நிற்கிறோமா.
நிற்பதற்குக் கால் வலிக்கும், யோசியுங்கள் என்றார் மெர்ல்.

வெஸ் ஹாகடோர்ன் அதுவரை பேசவில்லை.
மரக் கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறவன்.
எங்கள் கட்சியில் என்னைவிடப் பழையவன்.
தீர்மானத்தின் முதல் சொல்லில் விரலை வைத்தான்.
'இந்த வீ... இதில் நானும் உண்டா?'

வீ.
அவர்கள் மொழியில் வேலி தெரியாத சொல்.
என் மொழியில், பழைய வழக்கில், பூ.
உதிர்வதற்கும் அதே எழுத்து.
என்னிடம் இரண்டு சொற்கள் இருந்தன,
நாம் என்றும் நாங்கள் என்றும்.
ஒன்றில் அவன் நாற்காலி உள்ளே இருக்கும்,
மற்றதில் வாசலுக்கு வெளியே.
பேனாவை மூடித் திறந்தேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
காபி இயந்திரம் மட்டும் ஏதோ கொப்புளித்தது.

வாக்கெடுப்பு.
மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.
அறைக்குள் நான்கு கைகள் உயர்ந்தன.
டெனிஸ் இல்லை என்றாள். வெஸ் இல்லை என்றான்.
லூப்பே... 
எந்திரத்தின் மூச்சு நின்றிருந்தது.
இணைப்பு அறுந்து எவ்வளவு நேரமோ.

ஆறு பேர். கூட்டமே இல்லை.
இதைச் சொல்ல வேண்டியவள் நான்,
சொல்லாமல் மேசையைப் பார்த்தேன்.
இன்னும் ஒரு மாதம் தள்ளினால்
வாக்குச்சீட்டு தபாலில் போய்விடும்.

வெஸ் எழுந்தான்.
கோட்டை மாட்டிக்கொண்டு போவான் என்று நினைத்தோம்.
தன் கைபேசியை எடுத்து
மனப்பாடமாக ஒரு எண்ணை அழுத்தினான்.
லூப்பே, எங்கே போனாய்?
கன்று போடுகிறது, கால் முதலில் வருகிறது, கத்தினாள்.
சரி. ஆமாவா இல்லையா, அதைச் சொல்லிவிட்டுப் போ.
ஆமாம் என்றாள்.
கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.
எண்ணினால் முழுசாக எண்ணணும் என்றான்,
என்னைப் பார்த்து அல்ல.

நான் எழுதியது இவ்வளவுதான்:
இணைப்பு மீண்டது, மணி எட்டு பன்னிரண்டு.
ஐந்துக்கு இரண்டு.
பதினெட்டாம் முன்மொழிவைக் கட்சி ஆதரிக்கிறது.
நோட்டீஸ் அச்சடிக்க எண்பத்து நான்கு டாலர்.

நாற்காலிகளை மடித்து அடுக்கியது வெஸ்.
மழையில் அவன் லாரியின் விளக்குகள்
ஓடைப் பாலத்தில் ஏறி இறங்கும்வரை நின்றேன்.

காலையில் நீரேற்று நிலையத்தில் என் வேலை:
மதகருகே குனிந்து ஒரு குப்பி நீர் பிடிப்பது,
தேதி ஒட்டுவது.
குப்பி கை நடுங்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.
அப்போதுதான் நினைவு வந்தது,
அந்தக் கன்று பிழைத்ததா என்று
ஒருவரும் கேட்கவில்லை.