அரியர் பேப்பர்

ஜீரோ கேட்டுக்கு வெளியே
டிரெய்லர் நின்று பதினொரு மணி நேரம்.
முன்னால் நாற்பது வண்டி, பின்னால் எண்ணவில்லை.
நாமக்கல் பச்சமுத்து ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத்
தூங்கினார், பிரேக்கிலிருந்து கால் எடுக்காமல்.
காசிமேட்டுப் பக்கமிருந்து ஐஸ் உடைக்கும் சத்தம்.

என் மடியில் காகிதங்கள்.
சரக்கு: பஞ்சு. பொதி: எண்பத்தெட்டு.
ஏற்றிய துறைமுகம்: சவானா.

இந்த ஊரை எனக்குத் தெரியும்.
எம்.ஏ. வரலாறு, எல்லாம் தேறி
ஒன்றே ஒன்று பாக்கி.
அமெரிக்கா, இரண்டாம் தாள். மூன்று தடவை.

போருக்கு முன்னால் வரும் அந்த நாலு பேர்
பரீட்சை ஹாலில் எப்போதும் இடம் மாறி உட்காருவார்கள்.
டெய்லர், வெயிலில் விழா முடித்து வந்து
செர்ரிப் பழமும் குளிர்ந்த பாலும் சாப்பிட்டு
ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்தவர்.
இதற்கு மார்க் கிடையாது, இதுதான் மறப்பதில்லை.
பிறகு ஃபில்மோர்.
பிறகு பியர்ஸ், பதவியேற்க இரண்டு மாதம் இருக்கையில்
ரயில் கவிழ்ந்து கண்ணெதிரே மகனைக் கொடுத்தவர்.
பிறகு புக்கானன்.
நாலு பேர் மேசையிலும் ஒரே கோப்பு.
மனுஷனை மனுஷன் விற்கலாமா?
இங்கே ஷிப்ட் மாறும்போது செய்வதைத்தான் செய்தார்கள்.
ஒரு முத்திரை, ஓரத்தில் ஒரு கிறுக்கல்,
அடுத்தவர் வந்து பார்ப்பார்.

கடைசி ஆள் சொன்னாராம்,
மாநிலங்கள் பிரிந்து போவது சட்டப்படி தப்பு,
தடுப்பதும் சட்டப்படி தப்பு.
படித்தபோது நம்பவில்லை.
ஹார்பர் வேலைக்கு வந்த முதல் வாரமே நம்பினேன்:
சீல் சரியில்லை, பெட்டி வெளியே போகக் கூடாது.
உள்ளேயும் இருக்கக் கூடாது, வாடகை ஏறும்.

ஐந்தாவது ஆளைப் பற்றி எல்லோரும் நன்றாக எழுதிவிடுவார்கள்.
அவர் தென்கரைத் துறைமுகங்களை அடைக்கச் சொன்னார்,
இந்தக் கரையில் பஞ்சு விலை எழும்பியது.
அப்போது ராயபுரத்துக்கு ரயில் வந்தே ஐந்தாறு வருஷம்.
துறைமுகம் இல்லை, பாறைக்கல் இல்லை, அலைதான்.
பொதியைத் தோளேற்றி மசூலாப் படகில் தள்ளியவன்
இடுப்பளவு தண்ணீரில் நின்று
என்ன கேட்டிருப்பான்?
கூலி ஏறுமா என்று கேட்டிருப்பான்.
அவன் பெயர் இரண்டாம் தாளில் இல்லை.
முதல் தாளிலும் தேடிவிட்டேன்.

அறுபத்து நாலு கிறிஸ்துமஸுக்கு
ஒரு தளபதி அவருக்குத் தந்தி அடித்தான்.
பரிசாக ஏற்றுக்கொள்ளுங்கள்:
சவானா நகரம், நூற்றைம்பது பீரங்கி,
சுமார் இருபத்தையாயிரம் பொதி பஞ்சு.
அந்தப் பஞ்சைப் பறித்த விரல்களைப் பற்றித்
தந்தியில் ஒன்றும் இல்லை.
தந்திக்கு எழுத்தெண்ணிக் காசு.
நாலு மாதத்தில், பரிசு வாங்கியவரைச் சுட்டார்கள்.
சேதி கப்பலேறி வருவதற்கு வாரங்கள் ஆயின.
அதுவரை இந்தக் கரையில் அவர் உயிரோடு இருந்தார்.

விடிந்தபின் திருவொற்றியூர் யார்டில் பெட்டி திறந்தோம்.
முதலில் மருந்துப் புகையின் நெடி,
பிறகு பிரித்த தலையணை வாசனை.
ஒரு பொதியின் இரும்புப் பட்டை தெறித்துப்
பச்சமுத்துவின் உள்ளங்கை கிழிந்தது.
பெருக்க வந்த ராக்கினி துடைப்பத்தைப் போட்டுவிட்டுப்
பொதிக்குள் கைவிட்டு ஒரு பிடி பிய்த்தாள்.
“டேமேஜ்னு எழுதிக்கோ.”

பிடி நனைந்தது. இன்னொரு பிடி.
அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:
“நல்லாத்தான் கீது. இன்னா ஊரு பஞ்சு இது?”

பதினைந்து மார்க் கேள்வி.
நேரம் இருந்தது, தாளும் இருந்தது.
“தூரம்க்கா” என்றேன்.

எண்பத்தெட்டை அடித்து
எண்பத்தேழு, ஒன்று சேதம் என்று எழுதி
ஓரத்தில் கையெழுத்துக் கிறுக்கி
அடுத்த ஷிப்டிடம் கொடுத்தேன்.