துக்கி

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி,
அறை எண் இருநூற்றேழு.
பெயரைச் சொன்னாள்: சிப்போரா.
நான் சிப்புரா என்று எழுதி அடித்துத் திருத்தினேன்.
ஊர் பீர்ஷெபா பக்கம்.
தொழில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து
'ஒரு நாள்' என்று போடச் சொன்னாள்.

அவள் அம்மா பிறந்தது கொச்சியில்.
கப்பலேறிய மலையாளத்தை
வீட்டுக்குள் மட்டும் உடுத்திக்கொண்டவர்கள்.
அது என் தமிழோடு
ஒட்டியும் ஒட்டாமலும் கூட நடந்தது.

புதன் எனக்கு ஓய்வு நாள்.
சேவுகப்பெருமாளின் ஆட்டோவில்
பின்சீட்டிலிருந்தே
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தாள்.
பாலத்துக்குக் கீழே
வைகை என்று காட்டினேன்.
மணலையும் நாலு எருமைகளையும் பார்த்துவிட்டு
"எங்கள் ஊர் ஆறும் இப்படித்தான்,
பெயர் மட்டும் ஓடும்" என்றாள்.

கோரிப்பாளையம் தர்கா வாசலில்
செருப்புக்கு டோக்கன் வாங்கினோம்.
மேலே கவிந்திருப்பது ஒரே கல்லாம் என்றேன்.
யார் தூக்கியது என்றாள்.
அதைக் கேட்கக் கூடாது என்றேன்.
பூத்தட்டு விற்கும் ரஹ்மத் பீவி
பெயரை வாங்கி நாக்கில் உருட்டிப் பார்த்தாள்.
"அட, சஃபூரா!
மூசா நபி வீட்டம்மா பேரு.
என் நாத்தனா பேருந்தான்,
பேச்சுவார்த்தை இல்ல."
ஊதுபத்திக்குக் காசு வாங்கவில்லை.

நரிமேட்டு சர்ச்சில்
பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த கிருபாவதி
துணியை உதறிவிட்டுச் சொன்னாள்:
"சிப்போராள்னு சொல்லுங்க.
மோசே சம்சாரம்.
அவரு கோவக்காரரு,
பாவம், அவதான் சமாளிச்சிருப்பா."

வெளியே வந்ததும்
கரும்புச்சாறு கேட்டாள்.
பாதி குடித்த டம்ளரோடு,
"எங்களுடையது எங்கே?" என்றாள்.

எனக்குத் தெரிந்து ஒரு தெரு இல்லை,
ஒரு கல்லறை இல்லை.
ரோமக் காசு கிடைத்த ஊர்தான்,
அது யார் மடியில் முடிந்து வந்ததோ
காசு சொல்லாது.
மிளகு வாங்க வந்தவன் எவனாவது
வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது
தராசைக் கீழே வைத்துவிட்டு
மறுநாள் பூராவும் தொடாமல் இருந்திருக்கலாம்.
பக்கத்துக் கடைக்காரன்
உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்கலாம்.
இதைச் சொல்ல எனக்கு
மலையாளம் போதவில்லை.

கீழக்குயில்குடி போனோம்.
சமணர்கள் படுத்த கல்லில்
அனுமதி கேட்காமல் படுத்துவிட்டாள்.
"நல்ல மெத்தை" என்றாள் கண்ணை மூடி.
அப்போது கீழே ஆலமரத்துப் பக்கம்
மயில் ஒன்று
தகரத்தைக் கிழிப்பதுபோல் கத்தியது.

எழுந்து உட்கார்ந்தாள்.
துக்கி, என்றாள்.
சாலமோன் ராஜாவுக்குக் கப்பல்கள் சுமந்துபோன பறவை.
தோகை என்ற சொல்தான்
கடல் தாண்டி அப்படி ஆனதென்று சிலர்,
இல்லவே இல்லையென்று சிலர்.
அவள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
தோகை, துக்கி, தோகை, துக்கி என்று
படி இறங்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்,
குழந்தைகளை எண்ணி
பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவதுபோல்.

சாயங்காலம் சித்திரை வீதியில்
கண்ணாடிச் சட்டம் போட்ட மீனாட்சி படம்,
வலது கையில் கிளி.
அவள் சிரித்த சிரிப்பில்
கடைக்காரர் விலையைக் குறைத்தார்.
இப்போது எங்கள் ஊரில்
துக்கி என்றால் இதுதான், என்றாள்.
மயிலை மறந்துவிட்டார்கள்.
சொல்லை மட்டும்
பச்சை இறகு வைத்துப் பறக்கவிட்டார்கள்.

படத்தை வாங்கவில்லை.
பஸ்ஸில் உடைந்துவிடும் என்றாள்.
விடிகாலை நாலரைக்குச் சாவியைக் கொடுத்தாள்,
மீதி நாற்பது ரூபாயை மறந்துவிட்டுப் போனாள்.
டிராயரில் இருக்கிறது.

பத்து மணிக்கு ஸ்டேஷனிலிருந்து போன்.
வெளிநாட்டார் படிவத்தைப் படித்துக்கொண்டே ஏட்டு கேட்டார்:
"என்னய்யா பேரு இது?
கிறிஸ்டினா, முஸ்லிமா?"

அவள் பெயருக்கு அர்த்தம்
முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"பறவை சார்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
சரி சரி என்று வைத்துவிட்டார்.
படிவத்தில் அப்படியொரு கட்டமே இல்லை என்பதை
அப்புறம்தான் கவனித்தேன்.